ஏழு வருஷம், ஒரு ஆளுக்குக் கூட இல்லை

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்தா விலை குறையும், நாட்டுக்கு லாபம்னு ஒரு கட்சி. உள்ளூர் ஆலை மூடினா தொழிலாளி எங்கே போவான்னு இன்னொரு கட்சி. டீக்கடை முதல் டிவி வரை இந்தச் சண்டை ஓயறதே இல்லை. எனக்கு நடுவிலே ஒரு கேள்விதான். லாபம் ஊருக்கு, நஷ்டம் ஒருத்தனுக்குன்னா, ஊரு அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

இதைச் சட்டமாவே எழுதிப் பார்த்த நாடு அமெரிக்கா. நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை, சரித்திரப் பைத்தியம், அவ்வளவுதான். அதனால கதையை மட்டும் சொல்றேன்.

1954-ல் ஐசனோவர் காலத்து ராண்டல் கமிஷனில் உறுப்பினரா இருந்த எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட், இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு அரசு உதவணும்னு ஒரு திட்டத்தை முன்வைத்தார். கமிஷன் ஏத்துக்கலை. 1962-ல் கென்னடிக்கு அந்த யோசனை தேவைப்பட்டது. சுங்க வரிகளைப் பாதியாகக் குறைக்க அவர் அதிகாரம் கேட்டார். அதுக்குத் தொழிற்சங்கங்களின் ஆதரவு வேணும். நாட்டின் கொள்கையால் அடிபடுகிறவர்கள் முழு பாரத்தையும் தாங்களே சுமக்கக் கூடாது, அதில் ஒரு பங்கை அரசு ஏற்கணும் என்பது அவருடைய வாதம். சங்கங்கள் தலையாட்டின. அக்டோபர் 1962-ல் வர்த்தக விரிவாக்கச் சட்டம் கையெழுத்தானது.

காகிதத்தில் அருமையான சட்டம். பழைய சம்பளத்தில் 65 சதவீதம் (அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு), 52 வாரம் வரைக்கும். புதுத் தொழில் பயிற்சி. வேறு ஊருக்குக் குடிபோகச் செலவு.

ஆனா வாசலில் ரெண்டு பூட்டு. இறக்குமதி கூடினதுக்கு வரிக்குறைப்புதான் முக்கியக் காரணம்னு காட்டணும். வேலை போனதுக்கு அந்த இறக்குமதிதான் முக்கியக் காரணம்னும் காட்டணும். தறி ஓட்டினவன் இதை எப்படி நிரூபிப்பான் சொல்லுங்க? 1969 நவம்பர் வரைக்கும், அதாவது ஏழு வருஷம், ஒரு மனு கூடத் தேறவில்லை. ஒரே ஒரு ஆளுக்குக் கூட உதவி கிடைக்கலை!

விளைவு என்ன? 1962-ல் கென்னடியோடு நின்ன தொழிற்சங்கங்கள், 1971-ல் இறக்குமதியையே கட்டுப்படுத்தச் சொல்லும் பர்க்-ஹார்ட்கி மசோதா பக்கம் போயிட்டாங்க. இந்த உதவித் திட்டத்துக்குச் சங்கக்காரங்க வச்ச பேரு 'சவ அடக்க இன்ஷூரன்ஸ்'. ஆள் செத்த பிறகு வர்ற பணம்னு அர்த்தம்.

1974-ல் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. வரிக்குறைப்பு நிபந்தனை போச்சு. வேலை போனதில் இறக்குமதிக்கு முக்கியப் பங்கு இருந்தால் போதும். 1980-ல் ஜப்பான் கார்கள் வந்து டெட்ராய்ட் படுத்தபோது செலவு எகிறி, ஒரே ஆண்டில் சுமார் 160 கோடி டாலர். அதில் நிறையப் பேர் பணம் கைக்கு வர்றதுக்குள்ள பழைய வேலைக்கே திரும்பியிருந்தாங்கன்னு அரசுத் தணிக்கை சொன்னது. ரீகனுக்கு அது போதும். 1981-ல் கத்திரி போட்டார்.

நடுவிலே நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. 2000-க்குப் பிறகு மென்பொருள் வேலைகள் இந்தியாவுக்கு வந்தப்போ, அங்கே வேலை இழந்த புரோகிராமர்களும் இந்த உதவிக்கு மனு போட்டாங்க. மென்பொருள் ஒரு 'பொருளே' இல்லைன்னு தள்ளுபடி! வழக்கு, மேல்வழக்குன்னு போய் 2006-ல்தான் தொழிலாளர் துறை இறங்கி வந்தது. சேவைத் துறைக்கும் உண்டுன்னு சட்டமே மாறினது 2009-ல். சென்னையிலும் பெங்களூரிலும் நமக்குச் சம்பளம் வந்த அதே நேரத்தில் அங்கே ஒருத்தர் 'நான் செஞ்சதும் பொருள்தான்'னு வாதாடிக்கிட்டு இருந்திருக்கார்.

சரி, உதவி கிடைச்சவங்க கதை? வட கரோலினாவில் கன்னாபொலிஸ்னு ஒரு ஊர். துண்டு, படுக்கை விரிப்பு நெய்தே வளர்ந்த ஊர். 2003 ஜூலை 30-ம் தேதி பில்லோடெக்ஸ் ஆலை மூடியது. அந்த மாநிலத்தில் மட்டும் ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போச்சு. பள்ளிப் படிப்பையே முடிக்காதவங்க ஏராளம். நடு வயசில் உள்ளூர் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படிச்சாங்க. ஆலையை இடிச்ச இடத்தில் உயிரியல் ஆராய்ச்சி வளாகம் வந்தது. தறிக்காரர்கள் எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போயிருக்க முடியும்?

2013-ல் டேவிட் ஆட்டரும் சகாக்களும் சீன இறக்குமதியின் பாதிப்பை ஆராய்ந்தாங்க. அடிபட்ட ஊர்களில் இந்தத் திட்டத்தின் பணம் கூடியது சில்லறைக் காசுதான். உடல் ஊனத்துக்கான உதவித்தொகை அதைவிடப் பல மடங்கு கூடியிருந்தது. வேலை போனவங்களில் பலர் வேற கதவு வழியா உள்ளே போயிருக்காங்க, வேறென்ன?

2022 ஜூலை 1 முதல் புது மனுக்களை ஏற்பதை நிறுத்திட்டாங்க. காலக்கெடு முடிஞ்சது, அமெரிக்கக் காங்கிரஸ் நீட்டிக்கலை.

சட்டத்தின் எண்ணத்தில் எனக்குக் குறை தெரியலை. வரியைக் குறைக்கும்போது 'யாருக்கு அடி விழுந்தது, நிரூபி'ன்னு எந்தக் கம்பெனியையும் கேட்கலை. நஷ்டஈடு கொடுக்கும்போது மட்டும் தறிக்காரனைக் கேட்டாங்க. நாளைக்கு நம்ம ஊரில் யாராவது இப்படி ஒரு திட்டம் கொண்டு வந்தால், தொகை எவ்வளவுன்னு நான் அப்புறம்தான் கேட்பேன். முதல் கேள்வி, நிரூபிக்க வேண்டியது யாரு? நீங்க என்ன நினைக்கிறீங்க?