வியாழன் மாலையில் தொடங்கும் இசை

பாகிஸ்தானின் நாட்டுப்புற இசையை ஒரு நகரத்தில் வார இறுதியில் நேரில் கேட்க விரும்புவோர் சனி, ஞாயிறு நிகழ்ச்சி அறிவிப்புகளையே பார்க்கின்றனர். அந்த இசைக்குரிய பொழுது வியாழன் மாலை. சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும் என்பது இஸ்லாமிய நாட்கணக்கு. ஆகவே எங்கள் காரைக்கால் பகுதியில் வியாழன் இரவை ‘வெள்ளி இரவு’ என்பர். 1977 முதல் 1997 வரை பாகிஸ்தானில் வார விடுமுறை வெள்ளிக்கிழமையாக இருந்தது. பின்னர் ஞாயிற்றுக்கு மாறியது. அலுவலகங்கள் நாளை மாற்றிக்கொண்டன, தர்காக்கள் மாற்றவில்லை.

லாகூரில் ஷா ஜமால் தர்காவின் வியாழன் இரவுகள் தோல் என்னும் பெருமுரசுக்குப் பேர்பெற்றவை. அங்கு வாசித்த பப்பு சாயீன் 2021இல் மறைந்தார். கராச்சியில் கிளிஃப்டன் கடற்கரையை ஒட்டிய அப்துல்லா ஷா காஜி தர்காவில் கவ்வாலி கேட்கலாம். நகரை விட்டுச் செல்ல இயலுமானால் சிந்துவின் பிட் ஷா. கவிஞர் ஷா அப்துல் லதீப் (1689–1752) அடங்கிய அவ்விடத்தில், ஐந்து தந்திகள் கொண்ட தம்பூராவை மீட்டி, கருப்பு உடையணிந்த பக்கீர்கள் அவர் பாடல்களை உச்சக் குரலில் பாடுகின்றனர். செஹ்வானில் 2017 பிப்ரவரி 16 அன்று குண்டு வெடித்ததும் ஒரு வியாழன் மாலையே. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் சில நாட்களுக்குள் அங்கு முரசும் ஆட்டமும் மீண்டன.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் எனக்கு எழும் கேள்வி வேறு: இவர்களுக்குப் பணம் தருபவர் யார்? நுழைவுச்சீட்டு கிடையாது. 1959இன் வக்ஃபு சொத்துச் சட்டம் மேற்குப் பாகிஸ்தானின் பெரிய தர்காக்களையும் அவற்றின் காணிக்கைப் பெட்டிகளையும் அரசின்கீழ் கொண்டுவந்தது. பாடுபவருக்கு எஞ்சியது கேட்பவர் முன்னே வந்து வைக்கும் நோட்டு மட்டுமே. 2008இல் தொடங்கிய கோக் ஸ்டுடியோ இந்தப் பாடல்களை உலகெங்கும் கொண்டுசென்றது, உண்மைதான். ஆனால் கைப்பேசியில் கேட்பவரின் நோட்டு தர்கா முற்றத்துக்கு வந்து சேராது. வியாழன் வருமானம் குன்றினால், தந்தையின் முரசை மகன் ஏன் தோளில் மாட்டவேண்டும்?

இந்தியாவிலிருந்து இவற்றை நேரில் கேட்பது இன்று ஏறத்தாழ இயலாது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தான் பாடல்களையும் தொடர்களையும் நீக்குமாறு இணையத் தளங்களுக்கே மத்திய அரசு அறிவுறுத்தியது. ஆனால் இசைக்கு எல்லைக்கோடு இந்தப்பக்கமும் உறவினர் உண்டு. ஜெய்சல்மர், பார்மர் பகுதிகளின் மாங்கணியார்களும் லங்காக்களும் ஷா லதீபின் பாடல்களைப் பாடுகின்றனர்.

அவ்வளவு தொலைவும் வேண்டாம் எனில், காரைக்காலிலிருந்து வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி மினாராவின் நிழலில், பக்கீர்கள் தாயிராவைத் தட்டிப் பாடுகின்றனர். மொழி தமிழ், குணங்குடி மஸ்தான் சாகிபின் மரபு. பாகிஸ்தான் இசை என்று இதை எவரும் சொல்லமாட்டார். ஆனால் அதே வியாழன், அதே தரை, கையிலிருந்து கைக்கு மாறும் அதே நோட்டு. இரவுத் தொழுகை முடிந்தபின் செல்லுங்கள். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்.