கரணத்தின் குறையும் கர்த்தாவின் குற்றமும்: கிரீனிச் வானாய்வகத்து வழக்கு ஒன்று

ஒரு வாக்கியம் பிரமாணமாகுமா என்று ஆராயுமிடத்து, அதைச் சொன்னவனிடத்தில் பிரமம், பிரமாதம், விப்ரலம்பம், அசக்தி என்னும் புருஷ தோஷங்களுள் ஏதேனும் உண்டா என்று பார்ப்பது சாஸ்திர மரபு. ஒன்றை வேறொன்றாக அறிதல் பிரமம், கவனக்குறைவு பிரமாதம், பிறரை வஞ்சிக்கும் எண்ணம் விப்ரலம்பம், கரணங்களின் திறன் போதாமை அசக்தி. இந்நான்கும் ஒரே தொடராகச் சொல்லப்பட்டு வருவதால், இவற்றிடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் கருத்தில் பதிவதில்லை. பிரமாதத்துக்கு அவனவன் பொறுப்பாளி. அசக்திக்கு அவ்வாறு அல்லன். அசக்தியைப் பிரமாதமாகக் கொண்டு தண்டித்தால் அது அநியாயமாகும்.

மேனாட்டு விஞ்ஞானம் இவ்வேறுபாட்டை ஒரு மனிதனின் உத்தியோகம் பறிபோன பின்னரே உணர்ந்தது. மனிதன் காண்பதையும் அறிவதையும் துணிவதையும் அளந்து ஆராயும் இன்றைய சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதுவோர் பலர், அந்நிகழ்ச்சியையே அதன் தொடக்கமாகக் காட்டுவர்.

இங்கிலாந்து தேசத்தில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் அரசர்க்குரிய வானாய்வகம் ஒன்று உண்டு. 1765 முதல் 1811 வரை நெவில் மாஸ்கெலின் என்பவர் அதன் தலைவராக இருந்தார். மாலுமிகள் நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்கு உதவும் கடற்பஞ்சாங்கத்தை 1767ஆம் ஆண்டுக்கு முதன்முதலில் வெளியிட்டவர் அவரே. இத்தகைய கணிதத்துக்கெல்லாம் அடிப்படையானது, ஒரு நட்சத்திரம் உச்சிரேகையைக் கடக்கும் கணத்தைத் துல்லியமாகக் குறித்தலாகும்.

அக்காலத்தில் அக்கணத்தைக் குறித்த முறை வருமாறு. தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் நெடுக்காக மெல்லிய கம்பிகள் கட்டப்பட்டிருக்கும். நோக்குபவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனத்திற் கொண்டு, அதன் ஒலியைச் செவியால் எண்ணிக்கொண்டே நட்சத்திரத்தைக் கண்ணால் தொடர்வார். கம்பியைக் கடப்பதற்கு முந்திய ஒலியில் அது நின்ற இடத்தையும், கடந்தபின் எழுந்த ஒலியில் அது நின்ற இடத்தையும் ஒப்பிட்டு, வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுவார். பிராட்லி என்னும் முன்னோர் வகுத்த இம்முறைக்குக் கண்-செவி முறை என்று பெயர். இதில் நேரும் பிழை பத்தில் ஓரிரு பங்குக்கு மேற்படாது என்று எல்லாரும் நம்பியிருந்தனர்.

டேவிட் கின்னெப்ரூக் என்னும் இளைஞர் 1794இல் மாஸ்கெலினுக்கு உதவியாளராக அமர்ந்தார். முதலில் இருவர் குறிப்பும் ஒத்திருந்தன. 1795 ஆகஸ்டு மாதத்தில் உதவியாளரின் குறிப்பு தலைவரின் குறிப்பைவிட அரை வினாடி பிந்தி வருவது தெரிந்தது. எச்சரித்த பின்னும் அது குறையவில்லை. 1796 ஜனவரியில் பத்தில் எட்டு வினாடியாக வளர்ந்தது. இது அற்பமன்று. பூமி சுழலும் வேகத்தைக் கொண்டு கணித்தால், பூமத்தியரேகையில் 0.8 வினாடி என்பது ஏறத்தாழ 370 மீட்டர் தூரமாகும். உதவியாளர் வகுத்த முறையைக் கைவிட்டுத் தாமாக ஏதோ ஒழுங்கற்ற முறையைக் கைக்கொண்டார் என்று மாஸ்கெலின் முடிவு செய்து, 1796ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை விலக்கினார். மற்ற வேலைகளில் அவர் உழைப்பாளி என்றும், மனமின்றியே அவரை அனுப்ப நேர்ந்தது என்றும் அவரே வானாய்வகப் பதிவில் எழுதிவைத்தார். ஆகவே இது கொடியவர் ஒருவர் செய்த கொடுமையன்று. நல்லவர் ஒருவர் பிரமாதத்துக்கும் அசக்திக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையால் செய்த தவறு. இருவர் நோக்கு வேறுபட்டபோது தம் கண்ணே அளவுகோல் என்று அவர் கொண்டதற்கு, அவர் தலைவர் என்பதைத் தவிர வேறு ஹேது இல்லை.

இச்செய்தி 1816இல் ஒரு ஜெர்மானியச் சஞ்சிகையின் வாயிலாகக் கோனிக்ஸ்பெர்க் நகரத்து வானியலறிஞர் பெஸ்ஸெல் கண்ணில் பட்டது. எச்சரிக்கப்பட்ட பின்னும் ஒருவர் மாதக்கணக்கில் ஒரே திசையில் தவறுவாரானால், அது கவனக்குறைவாக இருத்தல் இயலாது என்று அவருக்குத் தோன்றியது. கவனக்குறைவால் வரும் பிழை முன்னும் பின்னுமாகச் சிதறும். ஒரே பக்கமாக நில்லாது. அவர் தேர்ந்த வானியலாளரான வால்பெக்குடன் ஒரே நட்சத்திரங்களை மாறி மாறி நோக்கினார். வால்பெக்கின் குறிப்பு 1.041 வினாடி பிந்தியிருந்தது. பின்னர் ஆர்கெலாண்டருடன் ஒப்பிட்டபோது வேறுபாடு 1.223 வினாடி. கின்னெப்ரூக்குக்கு வேலை போன பிழையைவிடப் பெரிய பிழை, பிழையற்றவர் என்று பெயர்பெற்ற பேரறிஞர்களிடையே காணப்பட்டது. இவ்வேறுபாடு தனிமனிதச் சமன்பாடு எனப் பெயர் பெற்றது. அது அறியப்பட்டபின் கணிதத்தில் கூட்டியோ கழித்தோ திருத்தும் வழியும் பிறந்தது. ஆனால் ஒருவரிடத்திலேயே அது காலப்போக்கில் மாறுவதும் பின்னர்த் தெரியவந்தது. பெஸ்ஸெலின் முடிவு 1823இல் அச்சேறியது. கின்னெப்ரூக்கோ 1802லேயே காலமாகிவிட்டார்.

இவ்வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா அடுத்து எழுந்தது. அதே கோனிக்ஸ்பெர்க்கில் 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் தூண்டுதல் செல்லும் வேகத்தை அளந்து, அது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று காட்டினார். காற்றில் ஒலி செல்லும் வேகத்தில் இது பத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்திரியத்துக்கும் அறிவுக்கும் இடையே காலம் உண்டு என்பது இதனால் நிலைபெற்றது. பார்வை பற்றிய தம் பெருநூலில், நாம் நேரே காண்பதாக எண்ணும் பலவும் நாம் அறியாமலே நிகழும் ஒருவகை அநுமானத்தின் பயன் என்றும் அவர் எழுதினார். உட்ரெக்ட் நகரத்து டான்டெர்ஸ், எந்தக் காலில் தூண்டுதல் வரும் என்று முன்னமே அறிந்தவன் விடையளிக்கும் காலத்தையும், அறியாதவன் எடுத்துக்கொள்ளும் காலத்தையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார். துணிவுக்கு ஆகும் காலம் வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு என்று கண்டு, 1868இல் விரித்தெழுதினார். கண்ணுக்கும் செவிக்கும் உரிய இரு விஷயங்கள் ஒரே கணத்தில் நிகழினும் ஒரே கணத்தில் அறியப்படுவதில்லை என்று வுண்ட் காட்டினார். 1879இல் லைப்ஸிக்கில் மன ஆராய்ச்சிக்கென அவர் ஒரு சாலை நிறுவினார். மாஸ்கெலினும் உதவியாளரும் கண்ணையும் செவியையும் ஒருங்கே செலுத்தியே கணத்தைக் குறித்தனர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இவ்வளவையும் நம் பூர்வாசாரியர்கள் முன்னமே கண்டனர் என்று சொல்வது மிகையாகும். அவர்கள் வினாடிக் கணக்கு எழுதவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிரத்யக்ஷத்தினுள் அநுமானத்தைப் புகுத்தியதையும், அவ்விரண்டையும் தனித்தனிப் பிரமாணங்களாகக் கொள்ளும் நம் ஸித்தாந்தம் அப்படியே ஏற்காது. ஆனால் தோஷங்களை வகைப்படுத்தும் நெறியில் நம் மரபு தெளிவாக நின்றது. காமாலைக்காரனுக்குச் சங்கு மஞ்சளாகத் தோன்றுவதை ஸ்ரீபாஷ்யகாரர் விசாரிக்குமிடத்து, கண்ணிலுள்ள பித்தத்தையே காரணமாகக் காட்டுகிறார். கண்டவனைப் பொய்யன் என்று தள்ளவில்லை. ஞானம் எல்லாம் உள்ளதையே பற்றும் என்பது அவர் கொள்கை. கின்னெப்ரூக்கும் இல்லாத நட்சத்திரத்தைக் காணவில்லை; உள்ளதைத் தம் கரணம் தந்த காலத்தில் கண்டு, கண்டபடி எழுதினார்.

ஏடுகளைப் பரிசோதிப்போர்க்கும் இது பயன்படும். ஒரே சொல்லில் முடியும் இரு வரிகளுள் ஒன்றை விட்டெழுதியவனைச் சோம்பேறி என்று வைவது எளிது. அவன் கண் முதல் வரியிலிருந்து அடுத்த வரியின் அதே சொல்லுக்குத் தாவியது என்று அறிந்தால்தான், விட்டுப்போன வரியை எங்கே தேடுவது என்பது விளங்கும். தோஷத்தை அதற்குரிய இடத்தில் வைத்தவர்க்கே அதைத் திருத்தும் வழியும் புலப்படும். மாஸ்கெலின் ஆளை மாற்றினார், பிழை நீங்கியதாக எண்ணினார். பெஸ்ஸெல் தம் கண்ணையும் சோதனைக்கு உட்படுத்தினார், பிழையின் அளவு தெரிந்தது.