சைக்கிளிலிருந்து இறங்காதவர்கள்: கேமரன் மலைப் பள்ளி மாணவர் தொண்டும் போதைத் தடுப்பும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலேறினால் கியா பார்ம் வரும். வெளியூர்க்காரர்கள் தேயிலையை எதிர்பார்த்து வருகிறார்கள். சாலையோரத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது காய்கறிச் சந்தையைத்தான். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் வழி அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் வாங்க வந்த கார்கள் நகராமல் நிற்கும். கடைகளில் ஒத்தாசைக்கு நிற்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் கையில் அன்று கொஞ்சம் காசு புரளும். திங்கட்கிழமை அதே பிள்ளைகள் சீருடை மாட்டிக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போவார்கள். கடையில் அவர்கள் இல்லாவிட்டால் வியாபாரம் தடைபடும். வகுப்பில் அவர்கள் இல்லாவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். போதைத் தடுப்பைப் பற்றிய பேச்சை இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

பள்ளி மாணவர்களைத் தொண்டில் ஈடுபடுத்தினால் போதைப் பழக்கம் குறையும், இனங்களுக்கு இடையே நெருக்கம் வளரும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. எந்தத் தொண்டு, யாரோடு, எவ்வளவு காலம் என்பவற்றைப் பொறுத்துப் பலன் மாறும்; தலைகீழாகவும் போகும். தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்று மாணவன் உணரும் தொண்டுக்குத்தான் தடுக்கும் ஆற்றல் உண்டு. மற்றதெல்லாம் புகைப்படத்துக்கு ஆகும்.

மலாயாத் தமிழருக்கு இது புதிய செய்தியன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துக்கொள்வோம். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்கார துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. பகலில் இறங்கி நிற்கவைத்த அதே தோட்டம்தான் மாலையில் குடிக்க இடம் கொடுத்தது. மதிப்பிழப்பும் மயக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை எழுத்தறிவு குறைந்த அந்தத் தலைமுறை புரிந்துவைத்திருந்தது. சமூக உள்ளிணைப்பு, போதைத் தடுப்பு என்று இன்று நாம் தனித்தனி அமைச்சுகளிடம் ஒப்படைத்திருப்பவை அவர்களுக்கு ஒரே வழக்காகத் தெரிந்தன.

போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இன்னும் நெருக்கமான சான்று. ஏ. எம். சாமியின் தலைமையில் தோட்ட இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெற்ற ஒழுங்கு அந்த அணிவகுப்பில் தெரிந்தது. 1947இல் பீடோங்கில் கள்ளுக்கடையை முன்னிட்டுப் போலீசோடு மோதல் மூண்டது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின் இத்தகைய இயக்கங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. தொண்டர் படையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. சீருடையும் அணிவகுப்பும் கலந்த ஒழுக்கக் கண்காணிப்பு எளிதில் மிரட்டலாக மாறிவிடும். ஆனாலும் அந்த இளைஞர்களின் இலக்கு குடிகாரனைத் தாண்டிக் கடைவரை சென்றது. ‘வேண்டாம் என்று சொல்’ என்று பிள்ளைக்கு மட்டும் கற்பிக்கும் இன்றைய பாடம் அந்தத் தூரம் போவதில்லை.

1950களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றம் வேறொரு வழியைக் காட்டியது. பிள்ளைகள் எழுதினார்கள், கூடினார்கள், தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தார்கள். மதுவிலக்கு என்று பலகை எழுதி மாட்டாமலே மாலை நேரத்தை நிரப்பிய அமைப்பு அது.

பிறகு அரசு வந்தது. போதைப்பொருள் தடுப்புச் சங்கமான பெமாடாம் 1976இல் அமைந்தது. 1983 பிப்ரவரி 19இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான மிரட்டலாக அறிவிக்கப்பட்டது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் 1996இல் உள்துறை அமைச்சின்கீழ் உருவானது. பாதுகாப்பு என்ற சட்டகத்துக்குள் பிள்ளை நுழைந்ததும் அவன் சந்தேகத்துக்குரியவன் ஆகிவிட்டான். சிறுநீர்ச் சோதனையும் பதாகையும் உறுதிமொழியும் அந்தச் சட்டகத்தின் இயல்பான விளைவுகள். சோதனையே கூடாது என்பது என் வாதமன்று. அது கண்டுபிடிக்கும் கருவி, தடுக்கும் கருவியன்று.

ஐ.நா. போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த அனைத்துலகத் தடுப்பு நெறிகள் இதில் நம்மைச் சங்கடப்படுத்துபவை. வெறும் சொற்பொழிவும் அச்சமூட்டலும் பலன் தருவதாகத் தெரியவில்லை என்கின்றன அவை. மீண்டவர்களை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பதும் அதே பட்டியலில் சேர்கிறது. நம் பள்ளி மண்டபங்களில் ஆண்டுதோறும் நடப்பவை பெரும்பாலும் இவைதாம்.

இதைவிடக் கூர்மையான எச்சரிக்கையை டிஷியன், மெக்கார்ட், பூலின் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் எழுதினார்கள். சிக்கலுள்ள பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒன்றாகக் கூட்டினால் அவர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள்; கெட்ட செயலுக்குக் கைதட்டும் கூட்டம் தயாராகிறது. அமெரிக்காவின் பழைய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தில் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட சிறுவர்களின் பிற்கால வாழ்க்கை, அனுப்பப்படாதவர்களைவிட மோசமாக அமைந்தது. கட்டொழுங்குப் பிரச்சினை உள்ள மாணவர்களைத் தனிப் பேருந்தில் ஏற்றி ‘நன்னெறி முகாம்’ நடத்தும் நம் வழக்கத்தை இந்தச் சான்றோடு ஒப்பிட்டால் கவலைதான் மிஞ்சும்.

மறுபுறம், ஜோசப் ஆலன் குழு 1997இல் மதிப்பிட்ட ஒரு பதின்ம வயதினர் திட்டம் கவனத்துக்குரியது. அதன் மையம் ஆண்டு முழுவதும் நீடித்த தொண்டு. அதில் சேர்ந்தவர்களிடையே பாடத் தோல்வியும் பள்ளியிலிருந்து இடைநீக்கமும் இளவயதுக் கர்ப்பமும் குறைந்தன. தவிர்க்க நினைத்த சிக்கலைப் பற்றி அத்திட்டம் நேரடியாகப் பேசியது மிகக் குறைவு. அது போதையை அளந்த ஆய்வன்று. பின்னாளில் பிற இடங்களில் செய்த மறுமதிப்பீடுகளும் ஒரே விடையைத் தரவில்லை. ஆகவே அதை மருந்தாக எடுத்துக்கொள்ளாமல் திசைகாட்டியாக மட்டும் கொள்கிறேன்.

கேமரன் மலையில் இத்தகைய தொண்டுக்கு உரிய வயது பதின்மூன்று. அதுவரை தமிழ்ப்பிள்ளை தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பிள்ளை சீனப்பள்ளியிலும் ஒராங் அஸ்லிப் பிள்ளை தேசியப் பள்ளியிலும் பெரும்பாலும் தனித்தனியே வளர்கிறார்கள். இடைநிலைப்பள்ளியில்தான் ஒரே கூரையின்கீழ் வருகிறார்கள். மொழி மாறுகிறது. முதல் வேப் எனும் மின்சிகரெட்டும் ஏறக்குறைய அந்த வயதில்தான் கைமாறுகிறது. 2023 மார்ச் 31இல் திரவ நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிறாருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய புகைப்பொருள் சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் ஒன்றரை ஆண்டுக் காலம். அந்த இடைவெளியைப் பள்ளித் தொண்டால் அடைத்திருக்க முடியாது. தொண்டின் எல்லையும் இதில் தெரிகிறது.

உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது போல, சேர்ந்து இருப்பதால் மட்டும் வேற்றுமை கரையாது. சமநிலையும் பொதுவான இலக்கும் கூட்டுழைப்பும் நிறுவன ஆதரவும் தேவை. அப்படிப்பட்ட வேலை மலையில் ஏராளம். ஓய்வுபெற்ற கொழுந்து பறிக்கும் பாட்டி ஒருவர் அரசு மருந்தகத்திலிருந்து நான்கு மாத்திரைப் பொட்டலங்களோடு லயத்து வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தில் மலாயில் அச்சிட்டிருக்கிறது. நீரிழிவுக்கு எது, இரத்த அழுத்தத்துக்கு எது என்று அவருக்குத் தெரியாது. படிவம் இரண்டில் படிக்கும் பையன் ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘காலை, சாப்பிட்டபின்’, ‘இரவு’ என்று தமிழில் எழுதி, அடுத்த மருத்துவத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுகிறான். அடுத்த மாதம் அவன் வராவிட்டால் பாட்டி கேட்பார். “ஏன்யா வரலை?” என்ற அந்தக் கேள்விதான் தடுப்பு. அவனோடு வரும் செமாய் என்னும் ஒராங் அஸ்லி இனப் பையன் தன் கம்போங்கில் இதே வேலையைச் செய்யும்போது தமிழ்ப்பையன் உதவியாளாகப் போகவேண்டும். ஒருவர் எப்போதும் கொடுப்பவராகவும் மற்றவர் எப்போதும் பெறுபவராகவும் இருந்தால் பெயர் தொண்டு, நடப்பது தயவு.

தடையாக நிற்பது மதிப்பெண். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் உரியவை. பத்து விழுக்காட்டைத் தேடி வருபவன் பல்கலைக்கழகத்தை ஏற்கெனவே கனவு காண்பவன். சந்தையில் சோளம் அவிக்கும் பையனுக்கு அந்தப் பத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் பட்டியலிலிருந்து அவன் தானாகவே விழுந்துவிடுகிறான். யாருக்காகத் திட்டம் தீட்டப்பட்டதோ அவனே வெளியே நிற்கிறான். தொண்டர் பதவிக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும் பள்ளி இந்த வடிகட்டலை முறைப்படி செய்து முடிக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. மருந்தகத்தில் தமிழ் அறிந்த பணியாளரை அமர்த்துவது அரசின் கடமை, அதைப் பிள்ளை தலையில் கட்டலாமா என்பார்கள். நியாயம்தான். அரசு தன் கடமையைச் செய்தால் பையன் வேறு வேலைக்குப் போகட்டும். மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை.

இந்த மாவட்டத்தின் இடைநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. தொண்டர் பட்டியல் எழுதும்போது கட்டொழுங்குப் பதிவேட்டில் உள்ள பெயர்களை மற்றப் பெயர்களோடு கலந்து எழுதுங்கள். பதிவேட்டில் உள்ளவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல் ஒரே குழுவில் வேண்டாம். மாலையில் தோட்டத்துக்கும் கம்போங்குக்கும் திரும்பும் பிள்ளைகளுக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு, அதன்பிறகு முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.