மூலை வீட்டுப் படுக்கையறைக்கு என்ன திரை?

நம் குடியிருப்பின் மேற்கு மூலை வீடுகளில் படுக்கையறைக்கு நான்கு ஜன்னல்கள். மேற்கே இரண்டு, தெற்கே இரண்டு. வீடு பார்க்க வந்த அன்று உங்களை மயக்கியவை அவைதான். சித்திரை மாதம் மதியம் மூன்று மணிக்கு அதே ஜன்னல்களைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இந்தக் கோடையில் இரண்டு வீடுகளில் மேற்கு ஜன்னலை பிளைவுட் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில், அந்த அறையில் இருப்பவர் எழுந்து நடமாட முடியாத பெரியவர். இப்போது பகலிலும் அங்கே டியூப் லைட் எரிகிறது.

ஜன்னலை அடைப்பது புது யோசனை இல்லை. இங்கிலாந்தில் மூன்றாம் வில்லியம் அரசர் 1696-ல் ஜன்னல் வரி போட்டார். வருமானத்தைக் கேட்டால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம். வீட்டுக்கு 2 ஷில்லிங், பத்து ஜன்னல் ஆகிவிட்டால் அதற்கு மேல் கூடுதல். வாழ்நாள் முழுக்க லெட்ஜர் எழுதியவன் என்பதால் இந்த வரியின் எளிமை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நடந்தது என்ன? செங்கல் வைத்து ஜன்னல்களை அடைத்தார்கள். பல ஏழைக் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த கட்டடங்களில், வரியை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர்கள் அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் நோய் பரவுகிறது என்று மருத்துவர்கள் கத்திக் கத்தி, கடைசியில் 1851-ல்தான் வரி ஒழிந்தது.

அடைக்காத ஜன்னலுக்குத் திரை வேண்டுமே. அங்கேதான் நம் ஊர்த் துணி வருகிறது. நம் பாட்டிகள் சீட்டி என்று சொன்ன பூப்போட்ட பருத்தித் துணியைத்தான் ஆங்கிலேயர் சிண்ட்ஸ் என்றார்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பில் எழுதிய துணி, துவைத்தாலும் நிறம் போகாதது. லண்டன் வீடுகளின் கட்டிலிலும் ஜன்னலிலும் அது தொங்க ஆரம்பித்ததும் அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. 1719-ல் தெருவில் போன பெண்களின் உடம்பிலிருந்தே துணியைக் கிழித்தார்கள். 1721-ல் சட்டமே வந்தது: அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தக் கூடாது, கட்டில், நாற்காலி, ஜன்னல் திரை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். டேவிட் கேரிக் என்ற புகழ்பெற்ற நடிகரின் வீட்டுக் கட்டிலுக்குக் கல்கத்தா வணிகர்கள் அன்பளிப்பாக அனுப்பிய மசூலிப்பட்டினத்துச் சீட்டித் திரைகளை 1775-ல் சுங்கக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பாவம், மனைவிக்காக அவர் அதிகாரிக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தக் கட்டிலை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

1845-ல் கண்ணாடி மீதான வரியும் போனது. ஜன்னல்கள் பெரிதாயின. மெல்லிய வலைத்திரை ஒன்று, கனத்த திரை ஒன்று என்று இரட்டைத் திரை போடுவது அங்கே வழக்கமாயிற்று. ஸ்காட்லாந்தில் நெய்த ஒருவகை மெல்லிய திரைத்துணிக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்தார்கள். நம் கடைக்காரர் இன்று இரட்டைக் கம்பி போட்டுத் தருவதும் அந்த வழக்கம்தான்.

குளிர் ஊரில் அது சரி. வெயில் ஊர்க்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். மூங்கில் தட்டி, சாய்பலகை அடுக்கிய மரக்கதவு, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி எல்லாமே ஜன்னலுக்கு வெளிப்புறம் நின்றவை. காரணம் எளிது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் விழுந்தால், திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். சூடாகிய திரையின் அனல் கண்ணாடி வழியே திரும்பிப் போகாது. வெளியிலேயே தடுத்துவிட்டால் சூடு வெளியோடு போயிற்று. ஏ.சி. கரண்ட் பில்லைப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

ஆகவே நான்கு ஜன்னலுக்கும் ஒரே ஸ்கிரீன் துணியை வெட்டிவிடாதீர்கள். சென்னையில் சித்திரை மத்தியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு ஆவணி தொடக்கம் வரை சற்று வடக்கேயே நிற்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது. மெல்லிய பருத்தித் திரை போதும். மார்கழியில் அதன் வழியாக வரும் இளவெயில் நல்லதுதான். செலவு செய்ய வேண்டியது மேற்கு ஜன்னலுக்கு மட்டும். கொசுவலை போட்டவர்கள் அதை எடுக்கவும் வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், வெளிப்புறம் எதையும் மாட்டக் கூடாது என்று நம் சங்கத்தின் விதி சொல்கிறது. கட்டடத்தின் தோற்றம் கெடும் என்பது நியாயமான கவலை. எல்லா வீட்டுக்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், மேலும் கீழும் கட்டிய மூங்கில் தட்டி. பங்குனியில் மாட்டி, ஐப்பசி மழைக் காற்றுக்கு முன்பே கழற்றிவிடுவது. இந்த நிபந்தனைகளோடு அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர நாங்கள் ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டிருக்கிறோம். மேற்கு வரிசையில் மொத்தம் இருபத்து நான்கு வீடுகள். உங்கள் ஜன்னலின் அகலம், உயரம் இரண்டையும் அளந்து, வீட்டு எண்ணோடு சங்க அலுவலகப் பெட்டியில் போடுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். பிளைவுட் அடித்தவர்களும் போடலாம்.