தந்தையும் இரு மகன்களும் கட்டிய ஊர்: லெவிட் குடும்ப நிறுவனத்தின் வரலாறு

நம் சங்க உறுப்பினர்களில் பலர் வணிகக் குடும்பத்தினர். மளிகை, ஜவுளி, பணமாற்று, உணவகம் என எந்தக் கடையை எடுத்துக்கொண்டாலும், தந்தை தொடங்கியிருப்பார், மகன்கள் நடத்துவார்கள். எங்கள் குடும்பத்தின் ஹார்டுவேர் கடையும் அப்படித்தான். பாட்டனார் தொடங்கினார், வாப்பா வளர்த்தார், இன்று சகோதரர்கள் நாங்கள் கவனித்து வருகிறோம். பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, பாலிடெக்னிக்கில் படித்த நாளில் நாங்கள் கேள்விப்பட்ட ஒரு குடும்ப நிறுவனத்தின் கதை நினைவுக்கு வந்தது. வீடு கட்டும் தொழிலையே மாற்றிய அமெரிக்கக் குடும்பம் அது. அதன் வெற்றியிலும் வீழ்ச்சியிலும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பாடம் உண்டு.

ஆபிரகாம் லெவிட், 1880இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர், பின்னர் தானாகவே படித்து வழக்கறிஞரானார். 1929இல் அவர் தன் இரு மகன்களோடு 'லெவிட் அண்ட் சன்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மூத்தவர் வில்லியமுக்கு அப்போது 22 வயது, இளையவர் ஆல்பிரட். நாட்டையே பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்ட ஆண்டு அது. ஆனாலும் லாங் ஐலண்டில் வசதியானவர்களுக்கு வீடு கட்டி விற்று நிறுவனம் நிலைத்தது.

நிலைத்ததற்குக் காரணம், மூவரும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். பணமும் விற்பனையும் வில்லியமிடம். வீட்டின் வரைபடம் ஆல்பிரட்டிடம். புல்வெளியும் மரங்களும் தந்தையிடம். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவது குறைவு.

இரண்டாம் உலகப் போரின்போது வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில், கடற்படைத் தளத் தொழிலாளர்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட வீடுகளை விரைவாகக் கட்டித்தரும் ஒப்பந்தம் கிடைத்தது. பழைய முறையில் அதை முடிக்க முடியாது. எனவே வீடு கட்டும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு குழுவை அமர்த்தப் பழகினார்கள்.

போர் முடிந்ததும் லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள். குடியிருக்க வீடில்லை, பலர் உறவினர் வீட்டில் ஒண்டிக் கிடந்தார்கள். 1944ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. தேவையும் இருந்தது, கடனும் கிடைத்தது. 1947இல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட் குடும்பம் ஓர் ஊரையே கட்டத் தொடங்கியது. அதுதான் லெவிட்டவுன்.

தொழிற்சாலையில் பொருள் நகரும், தொழிலாளி ஓரிடத்தில் நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளர்கள் நகர்ந்தார்கள். வேலை சுமார் 27 படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குழு அடித்தளக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னால் சட்டம் அடிப்பவர்கள் வருவார்கள். வண்ணம் பூசுவதில்கூட ஒரு நிறத்துக்கு ஒரு குழு. மரங்கள் அளவாக வெட்டப்பட்டு லாரியில் வந்து இறங்கின. இடைத்தரகர் லாபத்தைத் தவிர்க்க, மரத்தையும் ஆணியையும் அவர்களே தயாரித்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. ஹார்டுவேர் வியாபாரிகளான எங்களுக்கு இது எத்தகைய வேகம் என்று தெரியும். முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கு விட்டார்கள்; 1949இல் 7,990 டாலருக்கு விற்றார்கள். 1951க்குள் 17,447 வீடுகள் எழுந்தன. பெரியவர் ஆபிரகாம் ஒவ்வொரு வீட்டுக்கும் பழமரங்கள் நட ஏற்பாடு செய்தார்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளையர் அல்லாதோர், வேலைக்காரராகத் தவிர, அந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது என்று லெவிட்டவுன் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்திலிருந்து விதி போனது, நடைமுறை போகவில்லை. ஒரே போரில் பணியாற்றித் திரும்பிய கறுப்பின வீரருக்கு அங்கே வீடு இல்லை. ஒதுக்கப்படுவதன் வலியை அறிந்த சமூகத்தில் பிறந்தவர்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் வருத்தம்.

1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில், வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர், முன்பு அங்கிருந்தவரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். கூட்டம் திரண்டது, கல் பறந்தது, மாநிலக் காவல்துறை வர நேர்ந்தது. ஆனால் பக்கத்து வீட்டார் சிலர் துணை நின்றார்கள். அவர்கள் ஓடவில்லை. 1960இல் நியூ ஜெர்சி நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் லெவிட் நிறுவனம் எல்லோருக்கும் விற்க முன்வந்தது.

வெளிநாட்டில் வாடகை அறை தேடி அலைந்த நம் முன்னோர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. பெயரைக் கேட்டதும் "அறை போய்விட்டது" என்ற பதிலை வாப்பாவும் கேட்டிருக்கிறார். இங்கே சிங்கப்பூரில் 1960இல் வீவக அமைந்து, 1989இல் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ இன விகிதக் கொள்கை வந்தது. அண்டை வீட்டு மலாய் அம்மாவும் சீனப் பெரியவரும் நமக்குச் சாதாரணமாகிவிட்டார்கள். அதன் மதிப்பு, மையர்ஸ் குடும்பத்தின் கதையைப் படிக்கும்போது புரிகிறது.

லெவிட் குடும்பம் பிறகு என்னவாயிற்று? 1950களின் நடுவில் சகோதரர்கள் பிரிந்தார்கள், ஆல்பிரட் விலகினார். 1962இல் தந்தை மறைந்தார். 1968இல் வில்லியம் நிறுவனத்தை ஐடிடி என்ற பெருநிறுவனத்துக்குச் சுமார் 92 மில்லியன் டாலருக்கு விற்றார். பெரும்பகுதி பணமாக அல்ல, பங்குகளாக வந்தது. பத்தாண்டுகள் அமெரிக்காவில் வீடு கட்டக் கூடாது என்பதும் நிபந்தனை. பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்; பங்கு விலை சரிந்தது. வெளிநாடுகளில் எடுத்த வேலைகளும் கைகொடுக்கவில்லை. இறுதியில் குடும்ப அறக்கட்டளைப் பணத்தைத் தொழிலுக்குத் திருப்பிய வழக்கில், அதைத் திருப்பிச் செலுத்த 1987இல் ஒப்புக்கொண்டார். ஒரு காலத்தில் பெரும் செல்வந்தராக இருந்தவர், 1994இல் செல்வமிழந்து மறைந்தார்.

மூவரின் கை சேர்ந்திருந்தவரை நிறுவனம் வளர்ந்தது. தனியாளானபோது, "வேண்டாம்" என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அறப்பணிக்கான பணம் அமானிதம். அதில் கை வைத்தால் எத்தனை பெரிய பெயரும் நிலைக்காது. கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைக்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். சகோதரர்களுக்குள் பங்கு என்ன, பொறுப்பு என்ன என்று எங்கள் வீட்டில் சென்ற ஆண்டுதான் எழுதி வைத்தோம். வாப்பா இருக்கும்போதே அதைச் செய்தது நல்லதாயிற்று.

ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் நிலைத்து நிற்பதும் பலர் கை சேர்ந்ததால்தான். அடுத்த ஐம்பதாண்டு மலரை நம் பிள்ளைகள் வெளியிடும்போதும் இந்த ஒற்றுமை நிலைத்திருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.