குறும்பாதை மாதிரி ரயில்: ஸ்கேலும் கேஜும்

நிஜத்தில் 1,435 மி.மீ.க்குக் குறைவான இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடிய ரயிலைச் சிறிதாக்கிச் செய்து ஓட்டும் கலைக்குக் குறும்பாதை மாதிரி ரயில் என்று பெயர். இதில் இறங்குபவர் கத்தியையும் பசையையும் எடுப்பதற்கு முன்பே இரண்டு எண்களை முடிவு செய்தாக வேண்டும். ஒன்று ஸ்கேல்: நிஜத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைப்பது என்ற விகிதம். மற்றது கேஜ்: மாதிரியின் இரண்டு தண்டவாளங்களுக்கும் உட்புறம் அளந்தால் வரும் இடைவெளி. ஸ்கேலை விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம். கேஜ் அப்படியல்ல, எந்தத் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறதோ அதுதான். இந்தத் துறையின் வரலாற்றில் பாதி, இந்த இரண்டு எண்களையும் ஒத்துப்போக வைக்க நடந்த பேரம்.

உதாரணத்துக்கு ஆரணி ரோடு நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். பெயரில் ஆரணி இருந்தாலும் நிலையம் இருப்பது களம்பூரில். பட்டுத் தறிகளின் ஊரான ஆரணிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிச் சாலை வழியாகப் போக வேண்டும். விழுப்புரத்தில் புறப்பட்டு திருவண்ணாமலை, போளூர், களம்பூர், கண்ணமங்கலம், வேலூர் என்று காட்பாடி சேரும் இந்த ஏறத்தாழ 160 கி.மீ. பாதையை 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே மீட்டர் கேஜில் போட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே ஓடி, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகலப் பாதையானது. உள்ளூரில் யாரும் அதைக் குறும்பாதை என்று சொன்னதில்லை. ‘மீட்டர் கேஜ்’, ரயில்வேக்காரர்கள் வாயில் ‘எம்.ஜி.’ அவ்வளவுதான். ஆனால் உலக மாதிரி ரயில் கணக்கில் 1,000 மி.மீ. குறும்பாதைதான்.

நிஜப் பாதைகள் வந்த வழி

இந்திய ரயிலின் முதல் கேஜ் 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மி.மீ. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் உறுதியானது. செலவு கட்டுப்படியாகாத இடங்களில் குறுகிய பாதை போடும் யோசனை சீக்கிரமே வந்துவிட்டது. பரோடா சமஸ்தானத்தில் தபோய் அருகே 1862இல் 2 அடி 6 அங்குலப் பாதை போட்டார்கள். முதலில் இழுத்தவை மாடுகள். தமிழகத்தில் 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 3 அடி 6 அங்குலத்தில் ஒரு பாதை திறக்கப்பட்டது. பட்டு நெசவு ஊர் ஒன்றுக்கு ஆரணி ரோட்டுக்கு முன்பே ரயில் போனது இப்படி. 1878இல் அது மீட்டர் கேஜாக மாறியது.

அந்த மீட்டர் எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. வைஸ்ராய் மேயோ பிரபு 1870இல் இரண்டாம் நிலைப் பாதைகளுக்கு ஒரு கேஜ் தேடியபோது போட்டதாகச் சொல்லப்படும் கணக்கு இது: நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆறரை அடி வேண்டும், பெட்டி அகலத்தில் பாதிக்குக் கேஜ் குறையக் கூடாது, ஆகவே மூன்றேகால் அடி. இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவைக்கு மாறிவிடும் என்ற நம்பிக்கையில் அதைச் சற்றே கூட்டி ஒரு மீட்டர் ஆக்கினார்கள். நாடு மெட்ரிக்குக்கு வந்ததோ 1950களின் பிற்பகுதியில்தான். அதற்குள் மீட்டர் கேஜ் பெட்டிகள் ஏறத்தாழ 9 அடி அகலத்துக்குப் பெருத்துவிட்டிருந்தன. பாதி என்ற விதி போய், கேஜைப்போல இரண்டே முக்கால் மடங்கு அகலமான பெட்டிகள் ஓடின. அகலப் பாதைப் பெட்டியோ கேஜைப்போல இரண்டு மடங்கைத் தொடுவதில்லை. மீட்டர் கேஜ் வண்டி முகத்துக்கு நேரே வரும்போது மெல்லிய காலில் நிற்கும் பருத்த உடம்பாகத் தெரிவது இதனால்தான். மாதிரி செய்பவர் பிடிக்க வேண்டியதும் இந்தத் தோற்றத்தைத்தான். இது தவறிவிட்டால் இன்ஜினில் ஒவ்வோர் ஆணியையும் எண்ணி வைத்தும் பயனில்லை.

பொம்மைக் கடையிலிருந்து வந்த கேஜ்கள்

மாதிரி ரயிலுக்கு முதன்முதலில் நிலையான கேஜ்கள் வகுத்தது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம். 1891இல் லைப்சிக் சந்தையில் எண்ணிட்ட கேஜ்களோடு அது பொம்மை ரயில்களை வைத்தது. அதில் ஒன்றாம் எண்தான் இன்று 45 மி.மீ. என்று நிலைத்திருப்பது. பிறகு அதைவிடச் சிறிதாகப் பூஜ்ய கேஜ் வந்தது, 32 மி.மீ. 1922இல் நூரம்பெர்க்கின் பிங் நிறுவனம் அதிலும் பாதியாக 16.5 மி.மீ.யில் மேசை ரயில் ஒன்றைச் செய்ய, இங்கிலாந்தில் பாசெட்-லோக் விற்றது. இன்று உலகில் அதிகம் ஓடும் எச்.ஓ., ஓ.ஓ. இரண்டுக்கும் வேர் இதுதான்.

இவ்விரண்டும் பிரிந்த காரணம் நம் கதைக்கு வேண்டும். ஐரோப்பாவில் 1:87 விகிதத்தில் செய்தார்கள். 1,435ஐ 87ஆல் வகுத்தால் 16.5 சரியாக வரும். பிரிட்டிஷ் இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. அந்த விகிதத்தில் செய்தால் அன்றைய மின் மோட்டார் உள்ளே நுழையவில்லை. எனவே உடம்பை மட்டும் 1:76 ஆக்கிவிட்டுத் தண்டவாளத்தை 16.5இலேயே விட்டுவிட்டார்கள். அதனால் பிரிட்டிஷ் ஓ.ஓ. ரயில், கணக்குப்படி 4 அடி ஒன்றரை அங்குலப் பாதையில் ஓடுகிறது. ஹார்ன்பி டப்லோ 1938இல் வந்து இந்தப் பொய்யை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. பெரும்பாலோர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு ரயிலின் உடம்பை இன்னொரு ரயிலின் தண்டவாளத்தில் வைக்கலாம் என்று அந்த ஒட்டுவேலை காட்டிக்கொடுத்தது. குறும்பாதை மாதிரி ரயில் வளர்ந்தது முழுக்க இந்த வழியில். 1940களின் கடைசியில் ஸ்காட்லாந்தின் பி. டி. ஹான்காக் ஓ.ஓ. அளவில் குறும்பாதை அமைத்தபோது பலவற்றைத் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆர்னால்ட் நிறுவனம் 9 மி.மீ. தண்டவாளத்தோடு ‘என்’ (N) கேஜைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. மியூனிக்கின் எக்கர்-பான் உடனே அந்தத் தண்டவாளத்தின் மேல் எச்.ஓ. அளவில் சின்ன இன்ஜின்களை ஏற்றியது. எக்கர்-பான் சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. அது காட்டிய வழியில் எச்.ஓ.ஈ., ஓ.ஓ.9 என்ற இரண்டு பெரிய கிளைகள் நிலைத்துவிட்டன. 1968இல் லேமன் நிறுவனத்தின் எல்.ஜி.பி. ரயில் பழைய 45 மி.மீ.யை எடுத்து அதன்மேல் 1:22.5 விகித மீட்டர் கேஜ் வண்டியை வைத்தது. 45ஐ 22.5ஆல் பெருக்கினால் 1,012 மி.மீ. களம்பூர்ப் பாதை போட்ட காலத்திலேயே பிறந்த பொம்மைத் தண்டவாளம், முக்கால் நூற்றாண்டு கழித்து அதே கேஜுக்குப் பொருந்தியது. 1972இல் மார்க்லினின் இசட் கேஜ் 6.5 மி.மீ.யையும், 1998இல் அமெரிக்காவின் பாக்மன், 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 1:48 அளவு வண்டிகளையும் கொண்டுவந்தன.

இந்தக் குழப்பத்துக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பான மோரோப் ஓர் ஒழுங்கு கொடுத்தது. நிஜப் பாதை 850 முதல் 1,250 மி.மீ. வரை என்றால் ‘எம்’, 650 முதல் 850 வரை ‘ஈ’, அதற்கும் கீழே ‘ஐ’ என்று ஸ்கேலின் பெயரோடு ஓர் எழுத்து சேரும். எச்.ஓ.எம். என்றால் 1:87 அளவு, மீட்டர் கேஜ் வகை, 12 மி.மீ. தண்டவாளம். அமெரிக்கர்கள் எழுத்துக்குப் பதில் அடிக்கணக்கை ஒட்டுகிறார்கள். பிரிட்டனில் தண்டவாளத்தின் மில்லி மீட்டரையே ஒட்டுகிறார்கள். மூன்றில் ஐரோப்பிய முறைதான் நம் பாதைகளுக்கு நேராகப் பொருந்துகிறது.

தமிழ்ப் பாதைகள், மாதிரிக் கணக்கில்

வட தமிழ்நாட்டில் 2 அடி 6 அங்குலப் பாதைகள் இரண்டு இருந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இல் திறந்தது. மொரப்பூர்–தருமபுரி 1906இல் ஓடி 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் உள்ளூர்களுக்குத் தானியம் சேர்ப்பதை மனத்தில் வைத்துப் போட்டவை. இரண்டையும் 1941இல் மூடி, போர்த் தேவைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். 762 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 8.8, கையில் இருப்பது 9. இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதைக்கும் இதே கணக்கு. அது 1990களில் அகலப் பாதையாகிவிட்டது. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 1908 முதல் 1924 வெள்ளம் வரை ஓடிய குண்டலை ரயில் 2 அடி கேஜ். அதைச் செய்ய நினைப்பவர் 1:19 அளவில் 32 மி.மீ. தண்டவாளத்துக்குப் போவது நல்லது. அத்தனை சிறிய இன்ஜினைக் குறைந்த அளவில் செய்தால் கண்ணுக்கு எதுவும் மிஞ்சாது.

நீலகிரி மலை ரயில்தான் அதிர்ஷ்டக்காரப் பாதை. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் எட்டிய அந்த மீட்டர் கேஜ் பாதையில் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடுவே ஆப்ட் முறைப் பல்தண்டவாளம். பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்துரில் பிறந்தவை. சுவிஸ் மலை ரயில்களுக்காக எச்.ஓ.எம். அளவில் வண்டி செய்யும் பேமோ நிறுவனம் ஆப்ட் பல்தண்டவாளமும் விற்பதால், கல்லாறு–குன்னூர் ஏற்றத்தை மேசையில் நிஜமாகவே ஏற்றிக் காட்டலாம்.

களம்பூருக்கு எது?

இப்போது ஆரணி ரோட்டின் கணக்குக்கு வருவோம். 1:87 என்றால் மீட்டர் கேஜுக்கு 11.5 மி.மீ. வேண்டும், கிடைப்பது 12. அரை மில்லி மீட்டர் பொய், கண் கண்டுபிடிக்காது. 1:76 என்றால் 13.1 வேண்டும், 12இல் வைத்தால் அது மூன்றடிப் பாதையாகச் சுருங்கிவிடும். 1:160 என்றால் 6.25, இசட் தண்டவாளத்தின் 6.5 அருகில்தான் இருக்கிறது, ஆனால் அந்த அளவில் தாமே செய்யும் கை மிக நுட்பமாக இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய அகலப் பாதை ஆரணி ரோட்டைச் செய்ய நினைப்பவருக்குத்தான் பெரிய பொய் காத்திருக்கிறது. 1:87இல் 1,676 மி.மீ.க்கு 19.3 வேண்டும். இந்தியாவில் எச்.ஓ. மாதிரி வைத்திருப்பவர்கள் பொதுவாக ஓட்டுவது 16.5இல், பக்கத்துக்கு ஒன்றரை மில்லி மீட்டர் வீதம் காணாமல் போகிறது. குறும்பாதை என்றால் ஒட்டுவேலை, பெரும்பாதை என்றால் அசல் என்று பொதுவாக நினைப்பார்கள். இந்தியாவில் அது தலைகீழ்.

இடக் கணக்கையும் பார்க்க வேண்டும். மீட்டர் கேஜ் பெட்டியின் நீளம் சுமார் 19.5 மீட்டர். 1:87இல் 22 செ.மீ.; ஏழு பெட்டி வண்டிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், இன்ஜின் தனி. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருந்தால்தான் வண்டி அழகாகத் திரும்பும் என்பது இந்தத் துறையின் கைக்கணக்கு. ஆக சுமார் 67 செ.மீ. தேவை. சுவரோரம் நீளவாக்கில் பலகை போட்டு, வளைவே இல்லாமல் நிலையத்தை மட்டும் அமைத்தால் நம் வீடுகளுக்கு அடங்கும். எல்.ஜி.பி.யின் 1:22.5இல் ஒரு பெட்டியே 87 செ.மீ.; ஏழு பெட்டிக்கு மொட்டை மாடி வேண்டும். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் என்ன பாடுபடும் என்று யோசித்துவிட்டு இறங்கலாம்.

தண்டவாளத்தை வாங்கும்போது ஸ்லீப்பரைக் கவனிக்க வேண்டும். மீட்டர் கேஜின் மரக்கட்டை 6 அடி நீளம், 8 அங்குல அகலம். 1:87இல் 21 மி.மீ. நீளமும் 2.3 மி.மீ. அகலமும். ‘என்’ கேஜ் தண்டவாளத்தை வாங்கிக் குறும்பாதையாக ஓட்டினால் கட்டைகள் பொடியாகவும் நெருக்கமாகவும் தெரிந்து கேலிக்கிடமாகும். இங்கிலாந்தின் பீக்கோ 12 மி.மீ.க்கென்றே தனித் தண்டவாளம் விற்பதால் எச்.ஓ.எம்.க்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்து கொக்கி. பழைய அகலப் பாதைப் பெட்டியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு பஃபர். மீட்டர் கேஜில் நடுவில் ஒன்றே ஒன்று, அதுவே கொக்கியும். பழைய புகைப்படத்தில் எம்.ஜி. வண்டியை அடையாளம் காணவும் இது உதவும்.

வண்டிகள்தான் சிக்கல். ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி இன்ஜின்களோ ஒய்.டி.எம்.4 டீசலோ பெட்டியில் போட்டு எளிதில் வாங்கும்படி கிடைப்பதில்லை. அமெரிக்க ஆல்கோவின் டி.எல்.535 குடும்பத்தைச் சேர்ந்தது ஒய்.டி.எம்.4. அதன் ஒன்றுவிட்ட சகோதரம் அலாஸ்காப் பக்கம் மூன்றடிப் பாதையில் ஓடியது, அதை எல்.ஜி.பி. செய்து விற்றிருக்கிறது. உடம்பின் தோற்றம் வேறு, அடித்தளம் உதவும். எச்.ஓ.எம்.இல் ஜப்பான், ஆஸ்திரேலியா நாடுகளின் 12 மி.மீ. வண்டிகளிலிருந்து சக்கரத்தொகுதியை எடுத்து, மேலுடலை முப்பரிமாண அச்சில் போட்டுக்கொள்வதே நடைமுறை.

ஆக, களம்பூரைச் செய்ய விரும்புபவருக்குத் தீர்ப்பு எச்.ஓ.எம்.தான்: 1:87, 12 மி.மீ., காலம் 2010க்கு முன். முதலில் ஒரு பெட்டி செய்து, 31 அல்லது 32 மி.மீ. அகலத்தில் அது 12 மி.மீ. தண்டவாளத்தில் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நிலையத்துக்குப் பலகை அறுக்கவும்.