தியாகராய செட்டியார், பிட்டி (1852–1925)

சென்னையின் நெசவுத் தொழிலதிபர். நீதிக்கட்சி எனப் பிரசித்தி பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவர். தியாகராய நகர் இவர் பெயரால் வழங்குகிறது.

தறியையே ஜீவனமாகக் கொண்ட தேவாங்கர் குலத்திற் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற பின்னரும், சர்க்கார் உத்தியோகத்தை நாடாது நெசவையும் தோல் வாணிபத்தையும் நடத்திச் செல்வந்தரான இவர், நாடாவைக் கையால் எறிவதற்குப் பதிலாகக் கயிற்றைச் சுண்டி இருபுறமும் ஓடவிடும் தறியைத் தம் வண்ணாரப்பேட்டை நெசவுசாலையில் பரீட்சித்து, பழைய தொழிலுக்குப் புதிய வேகம் தேட முயன்றார். சென்னையின் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி கடல் கடந்தும் மதிக்கப்பட்டது.  

ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் சென்னை நகரசபையில் அங்கம் வகித்து, அரசாங்க அதிகாரியல்லாத அதன் முதல் தலைவராகவும் விளங்கிய தியாகராயர், 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளிக் குழந்தைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில், மதிய உணவு வழங்கச் செய்தார். பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து செய்த இச்செயலே இவரது பொதுவாழ்வின் சிகரம் எனலாம்.

1916 நவம்பரில் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து சங்கத்தை நிறுவிய இவர், 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வெற்றியடைந்து, கவர்னர் வில்லிங்டன் பிரபு மந்திரிசபை அமைக்க அழைத்தபோது, தாம் ஏற்காது ஏ. சுப்பராயலு ரெட்டியாருக்கு வழிவிட்டார்.

அடுத்த முதன்மந்திரியான பனகல் அரசர் காலத்தில், மாம்பலத்தின் நீண்ட ஏரிப் படுகையைத் தூர்த்து, நடுவே பூங்காவும் அதிலிருந்து பிரியும் வீதிகளுமாகத் திட்டமிடப்பட்ட புதுக் குடியிருப்புக்குத் தியாகராயர் பெயரே சூட்டப்பட்டது; பூங்கா பனகல் அரசர் பெயரையும், வீதிகள் சில கட்சிப் பிரமுகர்களின் பெயர்களையும் தாங்கின. ஜவுளிக் கடைகளால் கீர்த்தி பெற்ற அந்நகர், ஒரு நெசவாளரின் பெயரைத் தாங்குவது சாலப் பொருத்தமே. அங்கே சேலை வாங்குவோர், அதை நெய்த கைகளுக்கு உரிய கூலி சேர்கிறதா என்பதையும் எண்ணிப் பார்த்தல் அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.